முழுப்பேர்

அட்டன் டவுனில் தவறணைக்கு
யாரும் வழி கேட்டதில்லை.
கண்ணைக் கட்டி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாலும்
என் கால் அங்கேதான் போய் நிற்கும்.

இந்த இடத்துக்குத்தான்
மூன்று சனிக்கிழமை அலைந்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரி மிஸ்
மருந்துத் துண்டின் பின்பக்கம் எழுதித் தந்திருந்தார்:
சனி, பின்னேரம் நாலு மணி,
ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
எந்த ஹார்ட்வெயார் என்று எழுதவில்லை.
அட்டனில் ஹார்ட்வெயாருக்கா பஞ்சம்?

முதல் சனி
ஸ்டேண்டில் நின்ற ஆட்டோக்காரப் பொடியனிடம்
துண்டைக் காட்டினேன், குரலைத் தாழ்த்தி.
"குடிய விடுற கூட்டமா? ஒங்களுக்கா?"
பாதி ஸ்டேண்ட் திரும்பிப் பார்த்தது.
"இல்ல தம்பி, நம்ம டிவிசன்ல ஒரு ஆளுக்கு."
அந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு
நேரே தவறணைக்குப் போனேன்.

இரண்டாம் சனி கண்டுபிடித்துவிட்டேன்.
ஆணி நிறுக்கும் தராசைத் தாண்டி மரப்படி.
பத்தாவது படியில் ஏறும்போது
மேலே ஒரு பெண் சிரிக்கிற சத்தம்.
குடியை விட்டவர்கள் சிரிப்பார்களா?
தப்பான இடம் என்று இறங்கிவிட்டேன்.

மூன்றாம் சனி மழை.
ஒதுங்கத்தான் ஏறினேன் என்று
இன்றைக்கும் திலகேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு பிளாஸ்டிக் கதிரை. ஐந்து பேர்.
பெயின்ட் கம்பனிக் கலண்டரில் போன மாதம்.
மூலையில், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி
எங்கள் பழைய கணக்கப்பிள்ளை இருதயராஜ்.

திரும்பி ஓடியிருப்பேன்.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்,
வாசலில் யாருடையதோடோ கலந்துவிட்டது.

சுமனதாச சிங்களத்தில் பேசினார்.
எனக்குப் பாதிதான் விளங்கியது.
அடகுச் சீட்டை மடிப்பது போல்
விரலால் காற்றை நாலாக மடித்தார்.
மீதியும் விளங்கிவிட்டது.

ரெஜினா, கொழுந்து எடுக்கிறவள்.
கூடைக்குள் போத்தல் வைத்து மலை ஏறியவள்.
"ஆம்பள குடிச்சா குடிகாரன்" என்றாள்,
"பொம்பள குடிச்சா அதுக்கு வேற பேரு."
அப்புறம் பேசவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

என் முறை.
"பேர மட்டும் சொன்னாப் போதும்."

பேர்.
பிரட்டுக்களத்தில் அது ஒரு நாள் கூலி.
பிந்தி வந்தால் அரைப்பேர்.
நாற்றத்தோடு வந்தால் அதுவும் இல்லை, வீட்டுக்குப் போ.
பத்தொன்பது வருசத்தில் எத்தனை அரைப்பேர்,
அத்தனையும் வெட்டிய மனுசன்
இதோ மாரி பிஸ்கட்டை நனைக்கத் தெரியாமல்
கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார்.

"வடமலை" என்றேன்.

அவர் கோப்பைக்குள் பார்த்தபடி
"முழுப்பேர்" என்றார்.

முழுப் பெயரைக் கேட்கிறாராக்கும் என்று
அப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னேன்.
ரெஜினா சிரித்தாள்.
படியில் கேட்ட அதே சிரிப்பு.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
அட்வான்ஸ் போட்ட அன்று
பீலிக்கரைக்குப் பின்னால் கசிப்பு.
பதினேழு நாள், ஒரே மடக்கில்.
அடுத்த சனி போனேன், நாலே முக்காலுக்கு.
யாரும் மணி பார்க்கவில்லை.
கதிரையை இழுத்துப் போட்டார் கணக்கப்பிள்ளை.
இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ
நான் கேட்காமலே வந்தது.
எங்கள் ஸ்டோர் தூளாகவும் இருக்கலாம்,
நான் லொறியில் ஏற்றிய மூட்டையாகவும் இருக்கலாம்.
இத்தனை வருசம் இதைக் குடித்துப் பார்க்கவே இல்லை.

இருட்டி வீடு போனால்
திலகேஸ்வரி காம்பரா வாசலில் மறித்து
என் மூச்சை மோந்து பார்ப்பாள்.
இஞ்சி.
முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுவருவாள்.
இஞ்சிதான்.
நம்புவதில்லை. நானும் கேட்பதில்லை.

போன சனி மட்டும்
அடுப்புக்கு மேல் காய்ந்த சட்டையை
என் பக்கம் எறிந்துவிட்டு,
எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"மூணு மணி பஸ் போகப் போவுது."